பொரி கொடுத்த அம்மாள்

கல்கத்தாவில் ஒரு தெரு. அங்கே ஒரு அம்மாள் கடையில் உட்கார்ந்து பொரி விற்றுக்கொண்டு இருந்தார். நடுத்தர வயது. கணவரை இழந்தவர்.

கடைக்கு முன்னால் ஒரு சிறுவன் வந்து நின்றான். அவன் பொரி கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டான். கையில் காசு இல்லை.

வெறும் தண்ணீரைக் கொடுக்க அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. அவனை உட்கார வைத்து, வெல்லப்பொரி கொடுத்தார். பையன் அள்ளி அள்ளித் தின்றான். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இன்று நீ சாப்பிடவில்லையா என்று விசாரித்தார். இல்லை என்றான் சிறுவன்.

தண்ணீர் குடிக்கப் போனவனை அவர் தடுத்தார். பக்கத்துக் கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வந்தார். இன்னும் பொரி போட்டு, வயிறு நிறையச் சாப்பிட வைத்தார். சோறு கிடைக்காத நாளில் எல்லாம் இங்கே வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சிறுவனின் பெயர் தாகுர்தாஸ். கிராமத்தில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவன். தங்க இடம் கொடுத்தவரும் ஏழை. சில நாள் அடுப்பு எரியாது. சிறுவனிடம் ஒரு பித்தளைத் தட்டும் ஒரு சொம்பும் இருந்தன. அவற்றை விற்கப் பாத்திரக் கடைகளுக்குப் போனான். முன்பின் தெரியாதவனிடம் வாங்கினால் வம்பு வரும் என்று கடைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். பாத்திரத்தை விலைக்கு வாங்கக்கூட அஞ்சிய அதே ஊரில்தான், இந்த அம்மாள் காசு வாங்காமல் சோறு போட்டார்!

தாகுர்தாஸ் பெரியவன் ஆனார். அவருக்கு 1820-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, வங்காளத்தில் உள்ள பீர்சிங்க கிராமத்தில் ஒரு மகன் பிறந்தான். அவர்தான் பண்டித ஈசுவர சந்திர வித்தியாசாகர்.

ரோட்டில் அம்மிக்கல்!

ஈசுவரனுக்கு 8 வயது. படிக்க வைப்பதற்காகத் தகப்பனார் அவனைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். ரெயில் இல்லாத காலம். நடந்தே போனார்கள். வழியில் ரோட்டு ஓரம் கற்கள் நட்டு இருந்தன. இங்கே ஏன் அம்மிக்கல்லை நட்டு வைத்து இருக்கிறார்கள் என்று மகன் கேட்டான். அது மைல்கல், அதில் இருப்பது ஆங்கில எண் என்று தகப்பனார் விளக்கினார். கல்கத்தா போய்ச் சேருவதற்குள் பையன் அந்த எண்களைக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அவர்கள் தங்கியது படா பஜாரில் ஒரு வீட்டில். வீட்டுக்காரரின் தங்கை ராய்மணி. அவரும் விதவை. ஈசுவரன் வயதில் அவருக்கு ஒரு மகன் இருந்தான். தாயைப் பிரிந்து வந்த குழந்தையிடம் ராய்மணி எந்த வித்தியாசமும் காட்டவில்லை. தன் பிள்ளைக்கு என்ன உண்டோ, அது இவனுக்கும் உண்டு. ஊரில் இருக்கும் தாயை நினைத்து ஏங்கிய சிறுவனுக்கு, அந்த வீட்டில் இன்னொரு தாய் கிடைத்தாள்.

சட்டம் வந்தது

ஈசுவரன் சம்ஸ்கிருதக் கல்லூரியில் படித்தார். கல்விக் கடல் என்று பொருள்படும் "வித்தியாசாகர்" பட்டம் பெற்றார். 1841-ல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் ஆனார். மாதச் சம்பளம் 50 ரூபாய். உடனே தகப்பனாரை, வேலை செய்தது போதும் என்று ஊருக்கு அனுப்பி வைத்தார். 1851-ல், தான் படித்த கல்லூரிக்கே தலைவர் ஆனார். 1855-ல் குழந்தைகளுக்காக வங்காள அரிச்சுவடி எழுதினார்.

அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சிறு வயதிலேயே கலியாணம் செய்துவிடுவார்கள். கணவன் இறந்தால், பத்து வயதுப் பெண்ணும் ஆயுள் முழுவதும் விதவைதான். நல்ல சோறு கிடையாது. நல்ல துணி கிடையாது.

வித்தியாசாகர் சாஸ்திர நூல்களைப் புரட்டினார். விதவை மறுமணத்துக்குச் சாஸ்திரத்தில் இடம் உண்டு என்று எடுத்துக் காட்டினார். சட்டம் வேண்டும் என்று சர்க்காருக்கு மனுக் கொடுத்தார். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் 30 ஆயிரத்துக்கும் அதிகம்! ஆனாலும் 1856 ஜூலையில் சட்டம் வந்தது. டிசம்பர் 7-ந் தேதி கல்கத்தாவில் முதல் திருமணம் நடந்தது. இப்படிப்பட்ட திருமணங்களுக்கு அவர் கைப்பணம் கொடுத்தார். அது தீர்ந்ததும் கடன் வாங்கினார்.

தலைக்கு எண்ணெய்

1866-ல் பஞ்சம் வந்தது. சொந்த ஊரில் வித்தியாசாகர் கஞ்சித்தொட்டி திறந்தார். சாப்பிட வந்த ஏழைப் பெண்களின் தலை, எண்ணெய் காணாமல் வறண்டு கிடந்தது. அவர்களுக்கு எண்ணெய் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் கொடுத்தவர்கள், தீண்டினால் தீட்டு என்று தூர நின்று ஊற்றினார்கள். வித்தியாசாகர் அதைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. எண்ணெயை வாங்கி, தன் கையாலேயே அந்தப் பெண்களின் தலையில் தேய்த்துவிட்டார்!

பிற்காலத்தில் அவர், இப்போது ஜார்க்கண்டில் உள்ள கர்மாடாரில் வீடு கட்டிக்கொண்டார். சுற்றிலும் சந்தால் ஆதிவாசிகள். காலையில் சிலர் சோளம் விற்க வருவார்கள். கேட்ட விலைக்கு வாங்கி அடுக்கி வைப்பார். பிறகு வேறு சிலர் பசியோடு வருவார்கள். அந்தச் சோளத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். நோயாளி என்று யாராவது சொல்லிவிட்டால், மருந்துப் பெட்டியோடு நடந்தே போவார்.

வீட்டில் குறை

இத்தனை இரக்கம் உள்ளவருக்கு வீட்டில் நிம்மதி இல்லை. 1869-ல் மனக்கசப்போடு சொந்த ஊரை விட்டு வந்தவர், திரும்பிப் போகவில்லை. மறு ஆண்டு, மகன் நாராயணன் ஒரு விதவையை மணந்தபோது பூரித்துப் போனார். ஆனால் அதே மகனிடம் பிறகு கோபம் கொண்டு, 1875-ல் எழுதிய உயிலில் சொத்து இல்லை என்று ஒதுக்கிவிட்டார். ஊரார் குறையைப் பொறுத்தவருக்கு, வீட்டார் குறையைப் பொறுக்க முடியவில்லை. பெரியவர்களுக்கும் இது கடினமாகத்தான் இருக்கிறது.

1891 ஜூலை 29-ந் தேதி வித்தியாசாகர் காலமானார். கர்மாடார் ரெயில் நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தன் வரலாற்றை எழுதத் தொடங்கி, இளம் பருவத்தோடு நிறுத்திவிட்டார். அந்தச் சில பக்கங்களிலும் இரண்டு பெண்களுக்கு மறக்காமல் இடம் கொடுத்தார். ஒருவர், தன் தகப்பனாருக்குப் பொரி கொடுத்த அம்மாள். இன்னொருவர் ராய்மணி. நான் பெண்கள் பக்கம் பேசுகிறேன் என்கிறார்கள், ராய்மணியின் அன்பை அனுபவித்தவன் அப்படிப் பேசாவிட்டால் நன்றி கெட்டவன் என்ற கருத்தையும் எழுதி வைத்தார்.

ராய்மணி செய்தது, வீட்டில் இருந்த பிள்ளைக்குச் சோறு போட்டது. பொரிக்கடை அம்மாள் செய்தது, கடைக்கு வந்த பையனின் முகத்தைப் பார்த்தது. சட்டம் வரும் என்று நினைத்தா செய்தார்கள்?

ராய்மணியின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. பொரிக்கடை அம்மாளின் பெயர் அதில்கூட இல்லை. நம் வாசலிலும் யாராவது தண்ணீர் கேட்டு நிற்கலாம். தண்ணீரைக் கொடுக்கும்போது, அவர் முகத்தையும் ஒரு முறை பார்ப்போம்.