கோர்ட்டில் தனியாக நின்ற பாடகி

1959-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் உயிர் துறந்தார். உலகம் போற்றிய பாடகி அவர். ஆனால், போதை மருந்து வைத்திருந்ததாகச் சில வாரங்களுக்கு முன்புதான், நோயாய்ப் படுத்திருந்த கட்டிலிலேயே போலீசார் அவரைக் கைது செய்திருந்தார்கள்!

அவர்தான் பில்லி ஹாலிடே.

ஏழைச் சிறுமி

பில்லி 1915-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி பிலடெல்பியா நகரில் பிறந்தார். வளர்ந்தது பால்டிமோரில். கறுப்பர் இனத்து ஏழைக் குடும்பம். தகப்பனார் குடும்பத்தைக் கவனிக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது. சிறு வயதிலேயே வீடுகளில் தரை துடைத்துக் காசு சம்பாதித்தார்.

பிறகு நியூயார்க் சென்று இரவு விடுதிகளில் பாடினார். 18 வயதில் முதல் இசைத்தட்டு வந்தது. கறுப்பர்களை வெள்ளையர் கும்பல்கள் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கொடுமையைப் பற்றி 1939-ம் ஆண்டு அவர் பாடிய பாட்டு, கேட்டவர் நெஞ்சை உலுக்கியது. புகழ் வந்தது, பணம் வந்தது. கூடவே ஹெராயின் என்ற கொடிய போதைப் பழக்கமும் வந்தது.

வக்கீல் வரவில்லை

1947-ம் ஆண்டு மே 16-ந் தேதி, போதை மருந்து வைத்திருந்ததாகப் பில்லி கைதானார். பதினோரு நாளில் பிலடெல்பியா கோர்ட்டில் வழக்கு வந்தது. அவருக்காக வாதாட யாரும் இல்லை. அவருடைய வக்கீலுக்கு வர விருப்பம் இல்லை என்ற தகவல்தான் வந்தது.

உடல் நலம் இல்லாத பில்லி, தம்மை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். கிடைத்ததோ ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறை!

நன்னடத்தைக்காக 1948-ம் ஆண்டு மார்ச்சில் முன்கூட்டியே விடுதலையானார். அதே மாதம் 27-ந் தேதி கார்னகி மண்டபத்தில் பாடினார். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் தண்டனை ஜெயிலோடு முடியவில்லை. நியூயார்க்கில் அந்தக் காலத்தில் மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்குப் போலீஸ் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. தண்டனை பெற்ற பில்லிக்கு அது கிடைக்கவில்லை. பிழைப்பின் பெரும் பகுதி போயிற்று.

வக்கீல் வந்தார்

1949-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி. சான்பிரான்சிஸ்கோவில் பில்லி தங்கியிருந்த ஓட்டல் அறைக்குள் போதை ஒழிப்பு அதிகாரிகள் நுழைந்தார்கள். அபினும் அதைப் புகைக்கும் குழாயும் பிடிபட்டன என்று வழக்கு.

இந்த முறை பில்லி தனியாக நிற்கவில்லை. அந்த நகரின் பெயர் பெற்ற கிரிமினல் வக்கீல் ஜேக் எர்லிக் வந்தார்.

கையில் ஒரு பொருள் இருந்தால் மட்டும் போதுமா? அது யாருடையது? இன்னதென்று தெரிந்தே வைத்திருந்தாரா? கைக்கு எப்படி வந்தது? இவற்றைத்தான் எர்லிக் கிளப்பினார். அறையில் இருந்த மானேஜர் ஜான் லெவி அதைப் பில்லியின் கையில் கொடுத்து எறியச் சொன்னார், இது பில்லியைச் சிக்க வைக்கச் செய்த சூழ்ச்சி என்று வாதாடினார். பில்லியை மருத்துவ விடுதியில் சேர்த்து, மருத்துவர்கள் கண்காணிக்கவும் ஏற்பாடு செய்திருந்தார். போதை கிடைக்காதவர் படும் அவதி அவரிடம் காணப்படவில்லை.

குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். சந்தேகம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. ஜூன் மாதம், பில்லி குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

மீளாத நோய்

வழக்கில் வென்ற பில்லி, போதையிடம் தோற்றார். பழக்கம் மீண்டும் பற்றிக்கொண்டது. 1956-ல் மறுபடியும் கைது. கல்லீரலும் இருதயமும் கெட்டன. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில். வாசலில் போலீஸ் காவல்.

ஒரே பெண்மணி, ஒரே மாதிரிக் குற்றச்சாட்டு. வக்கீல் இல்லாத வழக்கில் சிறை; வக்கீல் வாதாடிய வழக்கில் விடுதலை. குற்றச்சாட்டு வந்தால், எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பு, அத்தகைய வழக்குகளில் பழகிய வக்கீலைத் தேடி உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் வக்கீல் வழக்கிலிருந்துதான் மீட்க முடியும். போதையிலிருந்து மீள வைத்தியமும் வீட்டாரின் அரவணைப்பும் வேண்டும். பில்லிக்கு அவை வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை.