பாலத்தோடு சரிந்த புகழ்

ஸ்காட்லாந்து நாட்டில் டண்டீ நகரத்தருகே டே ஆற்றைக் கடக்கும் ரயில் பயணிகள், பாலத்தின் பக்கத்தில் நீருக்கு மேல் தலைநீட்டும் மொட்டைத் தூண்களை இன்றும் பார்க்கலாம். அவை சர் தாமஸ் பௌச் கட்டிய பழைய பாலத்தின் மிச்சம்.

இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்தில் 1822-ம் ஆண்டு ஒரு கப்பல் கேப்டனின் மகனாகப் பிறந்தவர் பௌச். பதினேழு வயதிலேயே இருப்புப்பாதை வேலையில் சேர்ந்தார். இருபத்தேழாவது வயதில் எடின்பரோ பகுதியிலிருந்த ஒரு ரயில்வே கம்பெனிக்கு மானேஜரானார். 1850-ல் கப்பலுக்குள் தண்டவாளம் போட்டு, சரக்கு வேகன்களை அப்படியே ஏற்றி ஃபோர்த் ஆற்றைக் கடக்கச் செய்தார். சிக்கனமாகக் கட்டித் தருபவர் என்று பெயர் பரவியதால் கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன.

அவரது நெடுநாள் கனவு டே பாலம். 1871-ல் வேலை தொடங்கிற்று. ஆற்றின் அடியில் பாறை இருப்பதாகச் சோதனைத் துளைகள் காட்டின. ஆனால் அது கனமில்லாத ஒரு கெட்டிப் படலம்தான் என்று பிறகே தெரிந்தது. பாரத்தைக் குறைக்கச் செங்கல் தூண்களைக் கைவிட்டு, வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்களை நிறுத்தினார்கள். வார்ப்பில் விழுந்த ஓட்டைகளைத் தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத் தூள், புகைக்கரி கலந்த பசையால் அடைத்து மறைத்ததும் உண்டு. 1877-ல் புயலில் விழுந்த கர்டர் ஒன்றை நிமிர்த்தி மீண்டும் பொருத்தினார்கள். கட்டும்போதே சுமார் 20 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

1878 ஜூன் முதல் தேதி பாலம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மைல் நீளம். அன்று உலகிலேயே நீளமான பாலம் அதுதான். மறு வருடம் விக்டோரியா மகாராணி அதன் மேல் ரயிலில் சென்றார். அதே ஜூனில் பௌச்சுக்கு சர் பட்டம் கிடைத்தது.

பாலத்தைக் கண்காணிக்க வைத்த மேற்பார்வையாளர் கட்டட வேலை தெரிந்தவர். இரும்பு வேலையில் அனுபவமில்லாதவர். தூண்களைப் பிணைத்த குறுக்குக் கம்பிகள் தளர்ந்து ஆடியதைக் கண்டு, இரும்புத் துண்டுகளைச் செருகி இறுக்கினார். பௌச்சுக்குத் தகவல் சொல்லவில்லை. ரயில் போகும்போது பாலம் ஆடியதைப் பெயிண்ட் அடித்த தொழிலாளிகளும் உணர்ந்திருந்தார்கள்.

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஏழேகால் மணி அளவில், கடும் புயலில், பாலத்தின் நடுப்பகுதியில் இருந்த 13 உயர்ந்த கர்டர்களும், உள்ளே ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தன. டண்டீ ஸ்டேஷன் மாஸ்டரும் ரயில்வே ஊழியர் ஒருவரும் காற்றில் தவழ்ந்து சென்று, பாலம் அறுந்து நிற்பதைக் கண்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. முந்தைய ஸ்டேஷனில் வாங்கி வைத்திருந்த டிக்கெட்டுகளை எண்ணித்தான் இறந்தவர் தொகையைக் கணக்கிட்டார்கள். அன்று 75 என்றார்கள். பிற்காலத்தில் பெயரோடு உறுதியானது 59.

விசாரணையில், காற்றின் வேகத்துக்கென்று தனியாகக் கணக்கு எதுவும் போடவில்லை என்பதைப் பௌச் ஒப்புக்கொண்டார். பிரான்சிலும் அமெரிக்காவிலும் சதுர அடிக்குச் சுமார் 50 பவுண்டு காற்றழுத்தம் என்று வைத்துக் கட்டி வந்த காலம் அது. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றிலும் குறை கண்ட விசாரணைக் குழுவில், தலைவர் பெரும்பழியை அவர் மீதே சுமத்தினார்.

ஃபோர்த் ஆற்றுக்கு அவர் போட்டிருந்த பாலத் திட்டம் கைவிடப்பட்டது. 1880 அக்டோபர் 30-ந் தேதி, பாலம் விழுந்து ஒரு வருடம் முடியுமுன், 58 வயதில் பௌச் காலமானார்.

1887-ல் புதிய டே பாலம் வந்தது. சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றைத் தாங்கும்படி கட்டிய ஃபோர்த் பாலம் 1890-ல் திறக்கப்பட்டது. இரண்டிலும் இன்றும் ரயில் ஓடுகிறது. ஆற்றில் விழுந்த எஞ்சினையும் மீட்டுப் பழுதுபார்த்துப் பல்லாண்டு ஓட்டினார்கள். பௌச்சின் நல்ல பெயரை மட்டும் யாராலும் மீட்க முடியவில்லை. தளர்ந்த கம்பியைப் பார்த்தவர் அன்றே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருக்கக்கூடும்.