விபுலாநந்த அடிகளும் இளைஞர் வழிகாட்டலும்

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் இடையே, கல்லடி உப்போடையில் அமைந்துள்ளது சிவானந்த வித்தியாலயம். அதன் வளவிலே துயில்கின்றார் விபுலாநந்த அடிகள். யாழ்நூல் தந்த அறிஞரென உலகம் அவரைப் போற்றும். பழைய மாணவராகிய நாம் நினைவுகொள்ள வேண்டியது அவருடைய பிறிதொரு பெருமையை: பிள்ளைகளைக் கைதூக்கிவிட்ட பெருமையை.

அடிகள் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காரைதீவிலே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய்த் தோன்றினார். மயில்வாகனம் என்பது பிள்ளைத் திருநாமம். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். அங்கே யேசு சபைத் துறவியாகிய பொனெல் பாதிரியார் இச்சைவச் சிறுவனின் கணித ஆற்றலைக் கண்டு ஊக்கினார். கொழும்பில் தென்கோவைக் கந்தையாபிள்ளை அவர்கள் பழந்தமிழ் நூல்களைக் கற்பித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் அவரை வந்தடைந்தன. ஆற்றல் அவருடையதே, எனினும் அதனைக் காலத்தே கண்டுகொண்ட பெரியோர் இல்லாதிருப்பின் அது கடற்கரைக் கிராமமொன்றில் அடங்கியிருத்தலும் கூடும்.

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி, நல்ல ஊதியம், ஊரார் மதிப்பு யாவும் கைவந்த காலத்தில், 1922இல் அவற்றைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் புக்கார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். ஈழம் மீண்டபின் மிஷன் பாடசாலைகளைப் பரிபாலித்தார். திருகோணமலை இந்துக் கல்லூரிக்கும் அதிபராய்த் தொண்டாற்றினார். 1929இல் கல்லடியில் எழுந்த வித்தியாலயத்துக்குத் தம் பெயரை இடாது குருநாதரின் பெயரையே சூட்டினார். வழிகாட்டப்பெற்றவர் தம் வழிகாட்டிக்குச் செலுத்திய நன்றிக்கடன் அது.

கல்லூரிக் கட்டடம் மட்டும் போதாதென்பதை அடிகள் அறிவார். தாய் தந்தையரை இழந்த பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தோடு உணவும் உறைவிடமும் வேண்டும். அவற்றினும் மேலாக, தன்னை உற்று நோக்கி நல்லது தீயது எடுத்துரைக்கும் ஒருவர் வேண்டும். ஆதலின் மாணவர் இல்லப் பணியைக் கல்விப் பணியின் உயிர்நாடியாகக் கொண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான காலத்தும், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒதுக்கப்பட்ட மக்களின் சிறார்க்குக் கல்வி புகட்டினார். பல்கலைக்கழக மாணவரும் சேரிச் சிறுவரும் அவர் நோக்கில் ஒரு நிகரே.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் இறைவனடி எய்தினார்.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் பொறுப்பாயின. ஆசிரியர்க்குச் சம்பளமும் மாணவர்க்குப் பாடநூலும் அரசு தரலாம். தந்தையை இழந்த மகனை அருகழைத்து, அவன் படிப்பென்ன, கவலையென்ன என்று வினவும் பரிவைச் சட்டத்தால் தருதல் இயலாது. அது கற்றுத் தேறியோர் கடன். விழா மலர் வெளியிட்டு மகிழும் நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் ஒரு பிள்ளையையேனும் பொறுப்பேற்று, அப்பிள்ளை தன் காலில் நிற்கும்வரை உடனிருப்போமாயின், அடிகளுக்கு நாம் செய்யும் உண்மையான குருபூசை அதுவேயாகும்.