கடனை அடைத்தவரும் கைவிடப்பட்ட குழந்தைகளும்

பொதுக்கடன் குறித்து நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். அயல்நாட்டுக் கடனை ஏறத்தாழ முழுவதுமாக அடைத்துக் காட்டிய ஆட்சியாளர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ருமேனியாவின் நிக்கோலே சௌசெஸ்கு. அந்தச் சாதனையின் விலையை அவரது வாழ்க்கையே சொல்லும்.

1918இல் ஏழை உழவர் குடும்பத்தில், பல பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். 11 வயதில் வீட்டைவிட்டுப் புகாரெஸ்ட் நகருக்குச் சென்று காலணி தைக்கும் தொழில் பழகினார். பதின்ம வயதிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1965இல் கட்சித் தலைமை அவர் கைக்கு வந்தது. 1968இல் செக்கோஸ்லோவாக்கியா மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மேலைநாடுகளின் மதிப்பையும், பின்னர் அவற்றின் கடனையும் பெற்றார்.

மக்கள்தொகை பெருகினால் நாடு வலுப்பெறும் என்று நம்பிய அவர், 1966இல் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்தார். மறு ஆண்டே பிறப்புகள் ஏறத்தாழ இரு மடங்காயின. வளர்க்க வழியற்ற பெற்றோர் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டனர். அங்கிருந்தவர்களுள் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர்; வறுமையால் பிரிக்கப்பட்டவர்கள்.

1980களின் தொடக்கத்தில் கடன் சுமார் 1,000 கோடி டாலரை எட்டியது. எண்ணெய் விலையும் வட்டியும் உயர்ந்திருந்தன. தவணையை நீட்டித்துப் பெறுவதோடு நில்லாமல், முழுக்கடனையும் விரைந்து அடைத்துவிட அவர் முடிவுசெய்தார். விளைந்த உணவு ஏற்றுமதியானது. ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. குளிர்காலத்தில் வீடுகளின் வெப்பம் குறைக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் தலைநகரில் மாபெரும் அரண்மனை எழுந்தது.

நெருக்கடியின் முழுச் சுமையும் இறங்கிய இடம் குழந்தைகள் இல்லங்கள். ஒரு பணியாளரிடம் பல குழந்தைகள். தூக்குவாரும் பேசுவாருமின்றித் தொட்டிலிலேயே கிடந்தனர். மூன்று வயதில் குறைபாடுடையவர் எனத் தரம் பிரிக்கப்பட்டோரின் நிலை இன்னும் கொடிது. மெலிந்த சிசுக்களுக்குச் சத்தேற்றுவதாக எண்ணிச் சிறிதளவு இரத்தம் ஏற்றினர். மீண்டும் மீண்டும் பயன்படுத்திய ஊசிகளால் எச்.ஐ.வி. பரவியது.

1989 ஏப்ரலில் கடன் தீர்ந்ததாக அறிவித்தார். டிசம்பர் 25 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரே, இல்லங்களில் 1,00,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்ததை உலகம் கண்டது.

சிக்கனம் சில வேளைகளில் தவிர்க்க இயலாதது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாக்கும் குரலும் இல்லாதவர்களுக்கான ஒதுக்கீட்டில்தான் அரசுகள் எளிதில் கைவைக்கின்றன. எந்த அரசு சிக்கனத்தை அறிவித்தாலும், குழந்தைகள் இல்லங்களுக்கான தொகை என்னவாயிற்று என்பதே நாம் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி.