நீரை எண்ணிய வைத்தியர்

எம் ஊராகிய மங்கலம்பேட்டையில் தெருக்குழாயடியில் குடம் வைப்போர் முதலில் நீரின் தெளிவையே நோக்குவர். கலங்கியிருப்பின் கொட்டுவர், தெளிந்திருப்பின் ஐயமின்றிப் பருகுவர். யாமும் அங்ஙனமே பருகி வளர்ந்தோம். அத்தெளிவு கண்ணை ஏய்க்கவல்லது எனக் காட்டியவருள் தலையாயவர் இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர்.

இவர் 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-இல் கிளௌஸ்தால் என்னும் சுரங்க ஊரிற் பிறந்தார். நாட்டுப்புற வைத்தியராய் இருந்துகொண்டே அடைப்பான் நோயின் கிருமியை ஆராய்ந்து 1876-இல் புகழெய்தினார். 1882-இல் காசநோய்க் கிருமியையும் கண்டறிந்தார்.

1883-இல் எகிப்தில் வாந்திபேதி பரவ, அங்குச் சென்று, பின் அந்நோயைத் தொடர்ந்து கல்கத்தா வந்தார். காற்புள்ளிபோல் வளைந்த அதன் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். (இத்தாலியராகிய பாச்சினி 1854-இலேயே அதனைக் கண்டிருந்தும் உலகம் செவிசாய்க்கவில்லை.) 1884-இல் நகர்ப்புறத்துக் குளமொன்றின் நீரிலும் அக்கிருமி அகப்பட்டது. நோயுற்றார் துணியை அலசிய அக்குளத்திலேயே சுற்றியிருந்தோர் குளித்தனர், அந்நீரையே பருகினர்.

முதுபேரறிஞர் பெட்டன்கோஃபர் இக்கொள்கையை ஏலாது, 1892-இல் அக்கிருமியைத் தாமே விழுங்கிக் காட்டிப் பிழைத்தும் கொண்டார்! அவர் துணிவை வியக்கின்றோம், பின்பற்றத் துணியோம். அவ்வாண்டிலேயே ஹாம்பர்க் நகரில் 8,000-க்கு மேற்பட்டோர் வாந்திபேதியால் மாண்டனர். அந்நகர் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டது. அடுத்திருந்த அல்டோனா நகரோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த கீழாற்று நீரையே எடுத்தும், மணற்படுகையில் மெல்ல வடித்து வழங்கியதால் பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் சாவு; எதிர்ப்பக்கத்தில் இல்லை. மண்ணும் காற்றும் ஒன்றே. குழாய் மட்டும் வேறு.

ஆயின் அக்குளிர்காலத்தில் அல்டோனாவிலும் நோய் தலைகாட்டிற்று. உறைபனியால் மணற்படுகை பழுதுற்றதே காரணமெனக் கோக் கண்டார். படுகையையும் நம்பியிருத்தல் ஆகாதெனத் துணிந்து, ஒவ்வொரு படுகையின் நீரையும் நாள்தோறும் சோதித்தல் வேண்டும் என்றும், ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிகளுக்கு மேலிருப்பின் அதனைக் குழாயில் விடலாகாது என்றும் வரையறுத்தார். கண்ணின் வேலை எண்ணிடம் வந்தது.

1890-இல் காசநோய்க்கு மருந்து கண்டதாக அறிவித்துப் பொய்த்துப்போனமை அவர் வாழ்வில் ஒரு மறு. 1905-இல் நோபெல் பரிசு பெற்றார். 1910 மே 27-இல் பாடன்-பாடனில் உயிர் நீத்தார்.

இன்றைய இந்திய நியமம் அவரினும் கடியது: குடிநீர் 100 மில்லிலிட்டரில் குடற்கிருமியாகிய ஈ-கோலை ஒன்றேனும் இருத்தலாகாது. எதிர்வரும் விடுமுறையில் எம் தெருக்குழாய் நீரைத் தூய புட்டியிலடைத்துப் பனிக்கட்டியிடையே வைத்துச் சோதனைச்சாலையிற் சேர்ப்பிக்க எண்ணியுள்ளோம். பளிங்குபோன்ற நீருக்குச் சோதனை எதற்கென்று எம் பாட்டியார் நகைக்கின்றார்.