ஒரு அணாவுக்குப் புளியங்கொட்டை: சிறுவன் கலாம் சம்பாதித்த காசு எதற்கு உதவியது?

பேப்பர் போட்ட பையன் குடியரசுத் தலைவர் ஆனார். அப்துல் கலாமைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் இப்படித்தான் சொல்வோம். பள்ளிக்கூட மேடைப் பேச்சிலும் இதுதான் வரும். ஆனால் அந்தப் பேப்பர் காசு எவ்வளவு, அது எங்கே போனது, அதை வைத்துத்தான் அவர் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. ராமேஸ்வரம் மசூதித் தெருவில் வீடு. அப்பா ஜைனுலாப்தீன், அம்மா ஆஷியம்மா. 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பையனுக்கு எட்டு வயது. அந்தச் சமயத்தில்தான் ஊரில் திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. ஏன் என்று அவருக்கு அப்போது புரியவில்லை. புளியங்கொட்டைப் பருப்பை அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போட உதவும். ஆனால் எட்டு வயசுப் பையனுக்கு அதெல்லாம் எதற்கு? கொட்டையைப் பொறுக்கி மசூதித் தெருவில் இருந்த மளிகைக் கடையில் கொடுத்தால் காசு. அதுபோதும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த கொட்டைக்குக் கிடைத்தது ஒரு அணா.

ஒரு அணா என்றால் எவ்வளவு?

அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா. நாலு காலணா சேர்ந்தால் ஒரு அணா. 1957-ல் நயா பைசா வந்தபோது ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா என்று கணக்கு வைத்தார்கள். தினமும் தவறாமல் ஒரு அணா கிடைத்தால் மாசத்துக்கு 1 ரூபாய் 14 அணா வரும். புளியங்கொட்டை வருஷம் முழுக்கக் கிடைக்கிற சரக்கு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிற்காததால் கிடைத்த வேலை

ராமேஸ்வரத்துக்குப் பேப்பர் வந்தது பாம்பன் வழியாக, காலை ரயிலில். 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம்தான் தீவை ரயிலால் கரையோடு இணைத்தது. தீவில் பேப்பர் ஏஜென்சி நடத்தியவர் கலாமின் உறவினர், அண்ணன் முறை ஆகும் சம்சுதீன். ஒற்றை ஆள் ஏஜென்சி. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலானோர் கேட்டது தினமணி. சுதந்திரப் போராட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சிலர் வாங்கினார்கள். ராசிபலனுக்கும், சென்னையில் தங்கம் வெள்ளி என்ன விலை என்று பார்ப்பதற்கும் வாங்கியவர்கள் உண்டு. வாசகர்கள் அன்றும் இன்றும் ஒன்றுதான் போல!

போர் வந்ததும் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பேப்பரைக் கட்டாகக் கட்டி, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடுகிற ரயிலில் இருந்து வெளியே எறிவார்கள். கீழே நின்று கட்டுகளைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். சம்சுதீன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டார். கலாம் தன் வாழ்க்கையில் வாங்கிய முதல் சம்பளம் அது. அரை நூற்றாண்டு கழித்து சுயசரிதை எழுதியபோதும் அந்தப் பெருமிதம் அவருக்கு மறக்கவில்லை.

வேலை கட்டைப் பிடிப்பதோடு முடியவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, குளித்துவிட்டு, கணக்கு வாத்தியாரிடம் டியூஷன். குளிக்காமல் வந்தால் அவர் சொல்லித்தர மாட்டார். அடுத்து தொழுகை, அரபுப் பாடம். அதற்கப்புறம்தான் ரயில் பாதைக்கு ஓட்டம். ஊர் முழுக்கப் பேப்பர் போட்டுவிட்டு ஸ்கூல். சாயங்காலம் மறுபடி அதே வீடுகளுக்குப் போய் பாக்கி வசூல் செய்து, சம்சுதீனோடு உட்கார்ந்து அன்றைய கணக்கை முடிக்க வேண்டும்.

எனக்கு இந்த சாயங்கால வேலைதான் முக்கியமாகப் படுகிறது. பேப்பர் போடுவது கால் வேலை. பாக்கி வசூலிப்பது அப்படியல்ல. யார் வீட்டில் எவ்வளவு நிற்கிறது, இன்னொருத்தர் காசு நம் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். எட்டு வயதில் அதைப் பழகினார்.

அப்படியானால் வீட்டில் வறுமையா?

பட்டினி கிடந்த குடும்பம் இல்லை அது. சொந்த வீடு. அப்பா பள்ளிவாசல் இமாம். வீட்டில் இருந்து நாலு மைல் தள்ளி ஒரு தென்னந்தோப்பு. அங்கிருந்து காய்களைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே வருவார். அப்பா மரப் படகு கட்டி பக்தர்களை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் ஏற்றிச் சென்று சம்பாதித்ததும் உண்டு. அந்தப் படகைப் புயல் கொண்டுபோனது. வீட்டு ஆட்களைவிட வெளியாட்களுக்கு அதிகமாகச் சோறு போட்ட வீடு. அதாவது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கையில் ரொக்கம் தங்காது. கடலையும் மழையையும் நம்பிப் பிழைக்கிற கடற்கரைக் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அந்த மாதிரி வீட்டில் ஒரு அணா ரொக்கமாக வந்தால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும்.

அந்தக் காசு படிப்புக்குப் போதுமா?

போதாது. இங்கேதான் மேடைக் கதை தடுமாறுகிறது.

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, 1950-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அப்புறம் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, ஆனால் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். ஆயிரம் ரூபாய் என்றால் 16,000 அணா. தினம் ஒரு அணா வீதம் ஒரு நாள் விடாமல் சேர்த்திருந்தால் கிட்டத்தட்ட 44 வருஷம் ஆகியிருக்கும்!

பணம் வந்தது அக்கா ஜொஹராவிடமிருந்து. தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நம் ஊர்ப் பெண்களுக்கு நகைதான் பேங்க். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் சேர்ந்த தங்கம் ஒரே நாளில் ஒரு தம்பியின் ஃபீஸாக மாறியது. கலாமின் கதையில் உண்மையான சிறுசேமிப்பு எது என்று கேட்டால், பேப்பர் காசு இல்லை, இந்த வளையல்தான் என்பேன். ஆனால் இதை யாரும் மேடையில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அக்காவின் நகையைத் தன் சம்பாத்தியத்தில்தான் மீட்க வேண்டும் என்று கலாம் முடிவெடுத்தார். அதற்கு ஒரே வழி ஸ்காலர்ஷிப். அதனால்தான் எம்.ஐ.டி.யில் விமான வடிவமைப்புப் பணி தாமதமானபோது, மூன்று நாளில் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் ரத்து என்று பேராசிரியர் ஸ்ரீனிவாசன் எச்சரித்தது அவரை அப்படி உலுக்கியது. வீட்டுக்குத் திரும்பிப்போக வேறு காசு இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்து முடித்தார்.

படிப்பு முடிந்து 1958-ல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப மேம்பாட்டு இயக்ககத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய், ஒரு காசு செலவழிக்காமல் வைத்தாலும், நாலு மாதச் சம்பளம். அக்கா கழற்றிக் கொடுத்த வளையலின் எடையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

பிறகு அந்தக் கணக்குப் பழக்கம் என்ன ஆனது?

ராக்கெட், ஏவுகணை, 1997-ல் பாரத ரத்னா, 2002-ல் குடியரசுத் தலைவர், 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மறைவு, ராமேஸ்வரம் பேய்க்கரும்பில் அடக்கம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. நம் விஷயத்துக்கு வேண்டியது 2006-ல் நடந்த ஒரு சம்பவம் மட்டும்.

அந்த ஆண்டு ராமேஸ்வரத்தில் இருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவினர்கள் டெல்லி வந்து குடியரசுத் தலைவர் மாளிகையில் சில நாட்கள் தங்கினார்கள். நாட்டின் முதல் குடிமகன் வீட்டு விருந்தாளிகள். யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் கலாம் தங்கிய அறைக்கு வாடகை, சாப்பாடு, குடித்த டீ வரைக்கும் தனியாகக் கணக்கு எழுதச் சொல்லியிருந்தார். அவருக்குச் செயலாளராக இருந்த பி.எம். நாயர் இதைப் பிறகு எழுதியிருக்கிறார். உறவினர்கள் ஊருக்குக் கிளம்பியதும் பில் வந்தது, சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். முழுத் தொகையையும் தன் சொந்தப் பணத்தில் கட்டினார்.