எமில் கிறிஸ்டியன் ஹான்சன்

எமில் கிறிஸ்டியன் ஹான்சன் (மே 8, 1842 – ஆகஸ்ட் 27, 1909) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த பூஞ்சையியல் அறிஞரும் நொதித்தல் ஆய்வாளரும் ஆவார். ஒரேயோர் உயிரணுவிலிருந்து பெருக்கப்பட்ட தூய ஈஸ்டைக் கொண்டு, தொழிற்சாலை அளவில் பியர் தயாரிக்க வழிவகுத்தவர் இவர். பியர் ஆலைகளில் தொட்டிகள், குழாய்கள், வடிகட்டிகள் முதலியவற்றைக் கிருமியின்றி வைத்திருக்கும் இன்றைய நடைமுறைக்கு அறிவியல் அடிப்படை அமைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமைக்காலம்

ஹான்சன் டென்மார்க்கின் ரீபே நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் செய்தார். கதைகள் எழுதியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் பொருள் ஈட்டித் தம் கல்விச் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். இதனால் மற்ற மாணவர்களைவிடக் காலம் தாழ்த்தியே கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. 1876இல் விலங்குகளின் சாணத்தில் வளரும் பூஞ்சைகளைப் பற்றிய கட்டுரைக்காகப் பல்கலைக்கழகத்தின் தங்கப்பதக்கத்தைப் பெற்றார். அதே ஆண்டில், சார்லஸ் டார்வினின் பீகிள் கப்பல் பயண நூலை நண்பர் ஒருவருடன் சேர்ந்து டேனிய மொழியில் பெயர்த்தார்.

கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம்

ஜே. சி. ஜேக்கப்சன் என்பவர் 1847இல் கோபன்ஹேகன் அருகே கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையைத் தொடங்கியிருந்தார். பியர் தயாரிப்பை அறிவியல் முறையில் ஆராய்வதற்காக 1875இல் ஆலையுடன் இணைந்த ஆய்வகம் ஒன்றையும் நிறுவினார். ஆய்வு முடிவுகளை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

ஹான்சன் 1877இல் கார்ல்ஸ்பெர்க்கில் ஆய்வுப் பணியில் சேர்ந்தார். பியரிலும் பார்லிச் சாற்றிலும் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1879இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆய்வகத்தின் உடலியங்கியல் துறைக்குத் தலைவரானார். இறக்கும்வரை 30 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். புரதத்தின் நைதரசனை அளக்கும் முறையைக் கண்ட யொஹான் கியெல்டால் அக்காலத்தில் இதே ஆய்வகத்தின் வேதியியல் துறைத் தலைவராக இருந்தார்.

பியர் நோய்

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாற்றை ஈஸ்ட் நொதிக்கச் செய்வதால் பியர் உண்டாகிறது. நொதித்தல் முடிந்ததும் தொட்டியின் அடியில் படியும் ஈஸ்டை எடுத்து அடுத்த முறைக்கு விதையாக இடுவது வழக்கம். எனவே ஒருமுறை புகுந்த மாசு அடுத்தடுத்த தயாரிப்புகளுக்கும் தொடர்ந்து செல்லும். 19ஆம் நூற்றாண்டில் பியர் திடீரெனக் கலங்குவதும், கசப்புச் சுவையும் கெட்ட வாடையும் கொள்வதும் ஆலைகளுக்குப் பேரிழப்பை ஏற்படுத்தின. இவை 'பியர் நோய்கள்' எனப்பட்டன.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1876இல் வெளியிட்ட பியர் பற்றிய நூலில், இந்நோய்களுக்குப் பாக்டீரியா முதலிய வேற்று நுண்ணுயிர்களே காரணம் என்று விளக்கியிருந்தார். ஈஸ்டைத் தூய்மைப்படுத்த டார்டாரிக் அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசலில் வளர்க்கும் முறையையும் கூறியிருந்தார். பாக்டீரியாவை ஒழித்துவிட்டால் பியர் கெடாது என்பதே அன்றைய பொதுக் கருத்தாக இருந்தது.

ஹான்சன் இக்கருத்து முழுமையானதன்று எனக் காட்டினார். பாக்டீரியா இல்லாத ஈஸ்டிலும் பல இனங்கள் கலந்திருக்கலாம். அவற்றுள் 'காட்டு ஈஸ்ட்' எனப்படும் சில இனங்களே பியரைக் கெடுத்துவிடும். தூய ஈஸ்டுடன் காட்டு ஈஸ்டைத் தாமே கலந்து நொதிக்கவைத்து, அதே நோய் தோன்றுவதை அவர் மெய்ப்பித்தார். மேலும், பாஸ்டரின் அமில முறை நல்ல ஈஸ்டை நலிவடையச் செய்து காட்டு ஈஸ்டை ஓங்கச் செய்கிறது என்பதையும் கண்டறிந்தார். அதாவது, தூய்மை செய்வதற்கென்று கையாண்ட முறையே மாசைப் பெருக்கியது. பாஸ்டரின் கருத்தைப் பின்பற்றிய ஜேக்கப்சன் தொடக்கத்தில் ஹான்சனின் முடிவுகளை ஐயத்துடனேயே நோக்கினார்.

தூய வளர்ப்பு முறை

நல்ல ஈஸ்டும் காட்டு ஈஸ்டும் நுண்ணோக்கியில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே வடிவத்தை மட்டும் நம்பாமல், ஹான்சன் அவற்றின் வித்திகளை ஆராய்ந்தார். ஈரமான சாந்துக்கட்டியின் மேல் ஈஸ்டைப் பரப்பிக் குறித்த வெப்பநிலையில் வைத்தால், காட்டு ஈஸ்ட் முந்திக்கொண்டு வித்திகளை உண்டாக்கும். ஆலை ஈஸ்ட் பிந்தும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, 200இல் 1 பங்கு அளவே கலந்துள்ள காட்டு ஈஸ்டையும் கண்டுபிடிக்க முடிந்தது.

ஒற்றை உயிரணுவைப் பிரிக்க, ஈஸ்டை நீரில் மிகவும் நீர்க்கச் செய்து, பல குடுவைகளில் சிறிது சிறிதாகப் பகிர்ந்தார். சில நாட்களில் ஒரு குடுவையில் ஒரேயொரு ஈஸ்ட் புள்ளி தோன்றினால் அது ஓர் உயிரணுவின் வழித்தோன்றல் எனக் கொள்ளப்பட்டது. பின்னர் ராபர்ட் கோக்கின் ஜெலட்டின் முறையைத் தழுவி, தனி உயிரணு ஒன்று பெருகுவதை நுண்ணோக்கி வழியாக நேரில் கண்காணித்தார்.

இவ்வாறு பிரிக்கப்பட்ட ஈஸ்ட் 1883 நவம்பர் 12 அன்று பழைய கார்ல்ஸ்பெர்க் ஆலையில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சோதனை வெற்றி பெறவே, ஜேக்கப்சனும் தம் ஐயத்தைக் கைவிட்டார்.

கருவிகளின் தூய்மை

விதை தூயதாக இருந்தாலும் கருவியில் மாசு இருந்தால் பயனில்லை என்பதை ஹான்சன் நன்கறிந்திருந்தார். ஆலையின் பல இடங்களில் கிருமி நீக்கிய சாறு நிரம்பிய குடுவைகளைத் திறந்து, காற்றில் எவை மிதக்கின்றன என ஆராய்ந்தார். கனிகளில் வளரும் ஒருவகை ஈஸ்ட் குளிர்காலத்தை மண்ணில் கழித்து, கோடையில் தூசியுடன் பறந்து மீண்டும் கனிகளை அடைவதையும் விளக்கினார். பழங்கள் கனியும் காலத்தில் ஆலைக்குள் காட்டு ஈஸ்ட் மிகுவதன் காரணம் இதனால் புலப்பட்டது.

ஆலை இயக்குநர் கியூலேயுடன் இணைந்து அவர் அமைத்த ஈஸ்ட் பெருக்கும் கருவி மூடிய உருளைகளால் ஆனது. சாறு கொதிநிலையிலேயே உருளைக்குள் புகுந்து அங்கேயே குளிர்விக்கப்படும். உருளைகளும் குழாய்களும் நீராவியால் கிருமி நீக்கப்படும். உள்ளே செல்லும் காற்று பஞ்சு வடிகட்டி வழியாகவே செல்லும்.

இதே விதி பியரை வடிகட்டும் கருவிகளுக்கும் பொருந்தும். 1878இல் ஜெர்மனியின் லோரன்ஸ் என்சிங்கர் பியர் வடிகட்டியை உருவாக்கிய பின் அதன் பயன்பாடு பரவியது. பியரைத் தெளிவாக்கும் வடிகட்டியில் ஈஸ்டும் புரதமும் படிவதால், கழுவாது விட்டால் அதுவே கிருமிகளின் இருப்பிடமாகிவிடும். எனவே வடிகட்டல் முடிந்தவுடன் எதிர்த்திசையில் நீர் செலுத்திப் படிவு அகற்றப்படுகிறது. தேவைப்படின் காரக் கரைசலால் கழுவப்படுகிறது. அதன் பின்னரே வெந்நீராலோ கிருமிநாசினியாலோ கிருமி நீக்கப்படுகிறது. வெந்நீர் முறையில் வெப்பநிலை சுமார் 85 பாகை செல்சியசு ஆகும். படிவு எஞ்சியிருந்தால் அதன் அடியில் கிருமிகள் தப்பிவிடும் என்பதால் இவ்வரிசையை மாற்றலாகாது. அடுத்த பயன்பாடு வரை கருவி நீர் வடித்து உலர்த்தியோ, கிருமிநாசினிக் கரைசல் நிரப்பியோ வைக்கப்படுகிறது. தேங்கிய வெற்றுநீர் மீண்டும் மாசுக்கு இடங்கொடுக்கும்.

பரவலும் எதிர்ப்பும்

ஜேக்கப்சன் இம்முறையைத் தம் ஆலைக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளவில்லை. முறை வெளியிடப்பட்டது, ஈஸ்டும் பிற ஆலைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நெதர்லாந்தின் ஹைனெக்கன் ஆலையிலும் 1886இல் தூய ஈஸ்ட் வகை பிரித்தெடுக்கப்பட்டது.

எனினும் இங்கிலாந்தில் எதிர்ப்பு எழுந்தது. நெடுங்காலம் சேமிக்கப்படும் அந்நாட்டு பியர்களுக்கு ஒற்றை ஈஸ்ட் உரிய மணத்தைத் தரவில்லை. கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளாசன் என்பவர் அம்மணத்துக்குக் காரணமான மற்றோர் ஈஸ்டைப் பிரித்து, 1904இல் அதற்குப் பிரெட்டானோமைசிசு எனப் பெயரிட்டார். ஓர் ஆலையில் மாசாகக் கருதப்படும் நுண்ணுயிர் வேறோர் ஆலையில் தேவையானதாக இருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தறியக் கைகொடுத்தது ஹான்சனின் முறையே.

மறைவும் பிற்கால ஆய்வுகளும்

ஹான்சன் தாம் பிரித்த ஈஸ்டுக்கு 1908இல் சாக்கரோமைசிசு கார்ல்ஸ்பெர்ஜென்சிசு எனப் பெயரிட்டார். மறு ஆண்டு காலமானார். அவ்வினம் இன்று சாக்கரோமைசிசு பாஸ்டோரியானசு என்னும் பெயரின் கீழ் வகைப்படுத்தப்படுகிறது. ஒரு காலத்தில் ஹான்சன் யாருடைய கருத்தைத் திருத்தினாரோ, அந்தப் பாஸ்டரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. இது இரண்டு ஈஸ்ட் இனங்களின் கலப்பினம் ஆகும். அவற்றுள் ஒன்று ரொட்டி ஈஸ்டின் இனம். மற்றொன்றான சாக்கரோமைசிசு யூபயானசு அர்ஜென்டினாவின் பட்டகோனியா காடுகளில் கண்டறியப்பட்டு 2011இல் அறிவிக்கப்பட்டது.